கூடுதல் விளக்கும் அதன் கம்பியும்

காரின் முன்புறத்தில் புதிதாகப் பொருத்தப்படும் துணை விளக்கு எவ்வளவு ஒளி தரும் என்பதை அதன் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவு மட்டும் முடிவு செய்வதில்லை. பேட்டரியிலிருந்து விளக்கு வரை செல்லும் கம்பியின் பருமன், அதன் நீளம், இடையில் வரும் இணைப்புகளின் தூய்மை, விளக்கைக் கடந்த மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. விளக்கு எப்போது எரியலாம் என்பதும், அதைவிட முக்கியமாக, எப்போது அணைந்தே தீர வேண்டும் என்பதும் அதே கம்பி இணைப்பில்தான் அமைகின்றன. விளக்கு வாங்குபவர் கண்ணாடியையும் பிரதிபலிப்பானையும் விலையையும் கூர்ந்து பார்க்கிறார். ஆனால் வயரிங் வேலை பெரும்பாலும் கடைசி அரை மணி நேரத்தில், கையில் கிடைத்த வயரைக் கொண்டு முடிக்கப்படுகிறது. வீட்டு மின்சாரத்தில் இத்தகைய அலட்சியம் ஓரளவு மன்னிக்கப்படும். காரில் அது மன்னிக்கப்படுவதில்லை. அதற்கான காரணம் 12 வோல்ட் என்னும் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது.

ஒரு மின்கருவி நொடிக்குச் செலவிடும் ஆற்றலைத் திறன் என்றும் அதன் அலகை வாட் என்றும் இயற்பியல் குறிக்கிறது. கருவிக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தையும் அதன் ஊடே பாயும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது இத்திறன். ஆகவே 55 வாட் விளக்குகள் இரண்டு, அதாவது 110 வாட், வீட்டின் 230 வோல்ட் இணைப்பில் எரிவதாகக் கொண்டால் அரை ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே போதும். அதே 110 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பெறுவதானால் 9.2 ஆம்பியர் ஓடியாக வேண்டும். கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தம், ஓம் விதிப்படி, மின்னோட்டத்தையும் கம்பியின் மின்தடையையும் பெருக்கிய அளவாகும். மின்னோட்டம் 19 மடங்கு கூடுவதால் இழப்பும் 19 மடங்கு கூடுகிறது. அந்த இழப்பு 230-இலிருந்து கழியாமல் வெறும் 12-இலிருந்து கழிவதால் அதன் விகிதம் மேலும் 19 மடங்கு பெரிதாகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே கம்பியில் ஒரே திறனைக் கடத்தும்போது காரில் ஏற்படும் இழப்பின் விகிதம் வீட்டில் ஏற்படுவதைப் போல் 360 மடங்குக்கும் அதிகம் என்பது தெரியவரும். கம்பி எப்படிப் போனாலும் விளக்கு எரியும் என்ற வீட்டு அனுபவம் காருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

12 வோல்ட் என்பதும் பெயரளவிலான எண்ணே. ஈய-அமில பேட்டரியில் வரிசையாக இணைக்கப்பட்ட ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால் முழுமையாக மின்னேற்றப்பட்ட பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது அதனோடு சுழலும் ஆல்டர்னேட்டர் பேட்டரியை மீண்டும் நிரப்ப வேண்டியிருப்பதால், மின்னழுத்தம் பெரும்பாலும் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் நிற்கும். விளக்குக்கு இதில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதே கேள்வி.

இழப்பு சிறிதாக இருந்தாலும் அதன் விளைவு சிறிதாக இருப்பதில்லை. ஹாலஜன் விளக்கின் டங்ஸ்டன் இழை வெப்பத்தால் ஒளிர்கிறது. வெப்பநிலை சற்றுக் குறைந்தாலும் கண்ணுக்குப் புலப்படும் ஒளி வெகுவாகக் குறைந்து, எஞ்சிய ஆற்றல் கண் காணாத அகச்சிவப்புக் கதிராகவே வெளியேறிவிடும். இதனால் அவ்விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் நேர் விகிதத்தில் மாறாமல், ஏறத்தாழ அதன் 3.4-ஆவது அடுக்கில் மாறுகிறது. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி 30 விழுக்காடு குறைந்துவிடும். எதிர்ப்புறமும் இக்கணக்கு கடுமையானதே: தேவைக்கு மேல் 5 விழுக்காடு மின்னழுத்தம் தொடர்ந்து கிடைத்தால் இழையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆவியாகும் டங்ஸ்டனை அயோடின் அல்லது புரோமின் ஆவி பிடித்துச் சேர்மமாக்கி, சூடான இழையருகே மீண்டும் விடுவிக்கும் சுழற்சிதான் ஹாலஜன் விளக்கின் சிறப்பு. அச்சுழற்சி நடைபெறக் குமிழின் சுவர் 250 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பதால், மின்னழுத்தக் குறைவில் நெடுநேரம் மங்கி எரியும் விளக்கில் குமிழ் கறுக்கவும் கூடும்.

மேற்சொன்ன இரு 55 வாட் விளக்குகளையே எடுத்துக்கொண்டு கணக்கிடலாம். பேட்டரியிலிருந்து ஒரு கம்பி டாஷ்போர்டு வரை வந்து, அங்குள்ள சுவிட்சைக் கடந்து, மீண்டும் முன்பக்க பம்பருக்குச் செல்வதாகக் கொண்டால் அதன் நீளம் 5 மீட்டரை எட்டிவிடும். கம்பியின் வெட்டுமுகப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டராக, அதாவது கடைகளில் 'ஒரு ஸ்கொயர்' என்று கேட்டு வாங்கும் அளவாக, இருந்தால் செம்பின் மின்தடை மீட்டருக்கு 0.017 ஓம், 5 மீட்டருக்கு 0.086 ஓம். இதன் வழியே 9.2 ஆம்பியர் பாயும்போது 0.8 வோல்ட் கம்பியிலேயே நின்றுவிடுகிறது. சுவிட்சின் தொடுமுனைகள், ஃபியூஸ், செருகு இணைப்புகள், எர்த் எனப்படும் திரும்பும் வழி ஆகியவை இன்னும் 0.4 வோல்ட்டை எடுத்துக்கொள்வது மிக எளிது. மொத்த இழப்பு 1.2 வோல்ட், 12 வோல்ட்டில் இது பத்தில் ஒரு பங்கு. ஒளியில் முப்பது விழுக்காட்டை இழந்த பின், விளக்கு தரமற்றது என்று கருதி 100 வாட் குமிழை மாட்டுவோர் உண்டு. அப்போது மின்னோட்டம் கூடுவதால் இழப்பும் கூடி, ஏற்கெனவே சூடாகிக்கொண்டிருந்த சுவிட்ச் உருகத் தொடங்குகிறது.

இதற்கான தீர்வு, விளக்குக்குச் செல்லும் மின்னோட்டத்தையும் அதற்குக் கொடுக்கப்படும் கட்டளையையும் வெவ்வேறு கம்பிகளில் அனுப்புவதாகும். அப்பணியைச் செய்யும் சாதனம் ரிலே. இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்ட கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பாயும்போது அது மின்காந்தமாகி, அருகிலுள்ள இரும்புத் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்து, பெரிய மின்னோட்டத்திற்கான தொடுமுனைகளை மூடுகிறது. இந்த அமைப்பு காரைவிட மிகவும் பழையது. அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1835-இல், நெடுந்தொலைவு கடந்து நலிந்துபோன மின்னோட்டத்தைக் கொண்டு மற்றொரு வலிய மின்சுற்றை இயக்கிக் காட்டினார்; தந்தித் தொழில்நுட்பம் வளர்ந்தது இக்கருத்தின் மேல்தான். காரில் பயன்படும் சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 85 ஓம் மின்தடை உடையது. ஆகவே அதற்கு 0.14 ஆம்பியர் போதும். டாஷ்போர்டு சுவிட்சும் அதன் நீண்ட கம்பிகளும் இந்தச் சிறு கட்டளையை மட்டும் சுமக்கின்றன. 9.2 ஆம்பியரோ பேட்டரிக்கு அருகிலேயே பொருத்தப்பட்ட ரிலேயின் வழியாகக் குறுகிய பாதையில் நேரே விளக்குக்குப் போய்விடுகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 2 மீட்டர் நீளம் ஓடினால் இழப்பு 0.13 வோல்ட், அதாவது 1 விழுக்காடு மட்டுமே.

ரிலேயின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டு முனைகளில் சிறிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இவை ஜெர்மனியின் டின் 72552 தரநிலையிலிருந்து உலகெங்கும் பரவியவை. 30 என்பது பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் மின்னோட்டம்; 87 என்பது விளக்குக்குச் செல்லும் வழி; 85, 86 ஆகிய இரண்டும் சுருளின் இரு முனைகள். சுருள் மின்னோட்டமின்றி இருக்கும்போது 30-ஓடு தொட்டுக்கொண்டிருக்கும் 87ஏ என்ற ஐந்தாவது முனை சில ரிலேக்களில் உண்டு; அதைத் தவறுதலாக விளக்கோடு இணைத்தால், சுவிட்சை அணைத்ததும் விளக்கு எரியத் தொடங்கும். ரிலேயைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்றையும் கருத வேண்டும். குளிர்ந்த டங்ஸ்டன் இழையின் மின்தடை, சூடான நிலையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே விளக்கு ஏற்றப்படும் முதல் சில மில்லிநொடிகளுக்கு மின்னோட்டம் வழக்கமான அளவைப் போல் பல மடங்கு எகிறும். 9 ஆம்பியர் வேலைக்கு 30 ஆம்பியர் தாங்கும் ரிலேயைப் பொருத்துவது, தொடுமுனைகள் அந்த எகிறலில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகவே.

சுருளுக்குச் செல்லும் மின்னோட்டம் அறுபடும் கணத்தில் நிகழ்வதும் ஹென்றியோடு தொடர்புடையது. சுருள் தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கிறது. மின்னோட்டம் திடீரென நிறுத்தப்பட்டால் அந்தப் புலம் சரிந்து, மின்னோட்டத்தைத் தொடரச் செய்யும் திசையில் நூறு வோல்ட்டையும் தாண்டக்கூடிய மின்னழுத்தத்தை ஒரு நொடிப்பொழுது உண்டாக்குகிறது. தன்மின்தூண்டல் எனப்படும் இந்நிகழ்வை, நீண்ட கம்பியின் தொடர்பை அறுக்கும்போது தோன்றிய பொறியிலிருந்து ஹென்றி 1832-இல் விவரித்தார். அதன் அலகுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. பழைய கார்களில் இதனால் சுவிட்சில் ஒரு சிறு பொறி தோன்றுவதோடு விஷயம் முடிந்தது. இன்றைய கார்களில் அதே கம்பியில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இணைந்திருப்பதால், சுருளுக்குக் குறுக்கே மின்தடையமோ டயோடோ உள்ளமைந்த ரிலேயைப் பயன்படுத்துவதே தகும். டயோடு ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் என்பதால், அத்தகைய ரிலேயில் 86-ஐ நேர்முனைக்கும் 85-ஐ எதிர்முனைக்கும் மாறாமல் கொடுக்க வேண்டும்.

சுருளுக்கான கட்டளையை எங்கிருந்து எடுப்பது என்பது இவ்வேலை முழுவதிலும் மிக முக்கியமான முடிவு. பேட்டரியிலிருந்து நேரே எடுத்துச் சுவிட்ச் வழியாக ரிலேக்குக் கொடுத்தால் விளக்கு எந்நேரமும் எரியும். காரைப் பூட்டிச் சென்ற பின்னும் எரிந்து பேட்டரியை வற்றவைக்கும். எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் முகப்பு விளக்கைத் தாழ்த்தினாலும் துணை விளக்கு தாழாது. எதிரே வருபவரின் விழித்திரை அந்த ஒளியிலிருந்து மீளச் சில நொடிகள் ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்பது 67 மீட்டர்; அந்தத் தொலைவை அவர் ஏறத்தாழக் குருடராகவே கடக்கிறார். தொலைவுக்கு ஒளி வீசும் துணை விளக்கின் கட்டளையை ஹை பீம் கம்பியிலிருந்து எடுப்பது இதனால்தான். ஹை பீம் கம்பி, ஓட்டுநரின் தனிச் சுவிட்ச், ரிலே சுருள் ஆகிய மூன்றும் வரிசையாக இணைக்கப்பட்டால், ஹை பீம் எரிய வேண்டும், சுவிட்சும் போடப்பட்டிருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் நிறைவேறும்போது மட்டுமே விளக்கு ஏற்றப்படும். ஓட்டுநர் டிம் செய்த அதே கணத்தில் நான்கு விளக்குகளின் நெடும் ஒளியும் ஒன்றாக அணையும். வாகன விளக்குகளின் பொருத்தத்தை வரையறுக்கும் ஐக்கிய நாடுகளின் 48-ஆம் ஒழுங்குவிதி இதையே கட்டாயமாக்குவதோடு, ஒரே நேரத்தில் எரியும் ஹை பீம் விளக்குகளின் மொத்த ஒளிச்செறிவுக்கு 4,30,000 கேண்டெலா என்ற உச்ச வரம்பையும் விதிக்கிறது. இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி முகப்பொளி தாழ வேண்டும் என்றே கூறுகின்றன. விதி ஏட்டில் இருப்பதைவிட அது கம்பியிலேயே இருப்பது மேல். ஓட்டுநர் மறந்தாலும் மின்சுற்று மறப்பதில்லை.

ஒளியைத் தாழ்த்தும் முறை எவ்வளவு பெரிய வழக்காகக்கூடும் என்பதை 1966-ஆம் ஆண்டு மான்டி கார்லோ ரேலி காட்டியது. பனிபடர்ந்த மலைப்பாதைகளில் இரவிலும் நடைபெறும் அப்போட்டியில் டிமோ மாக்கினென், ரவுனோ ஆல்டோனென், பாடி ஹாப்கிர்க் ஆகியோர் ஓட்டிய மினி கூப்பர் கார்கள் முதல் மூன்று இடங்களையும், ரோஜர் கிளார்க்கின் ஃபோர்டு கார்ட்டினா நான்காம் இடத்தையும் பிடித்தன. ஐரோப்பாவில் 1962-இல் அறிமுகமான ஹாலஜன் குமிழ் அப்போது ஒற்றை இழையோடு மட்டுமே கிடைத்தது; ஹை பீமுக்கு ஓர் இழை, லோ பீமுக்கு ஓர் இழை என இரண்டையும் ஒரே குமிழில் கொண்ட எச்4 வகை 1971-இல்தான் வந்தது. ஆனால் விற்பனைக்கு வந்த மினி கார்களில் இருந்தவை இரட்டை இழைச் சாதாரணக் குமிழ்கள். போட்டிக் கார்களின் முகப்பில் ஒற்றை இழைக் குமிழ் பொருத்தப்பட்டிருந்ததால், இரண்டாம் இழைக்கு மாறித் தாழ்த்தும் வழி அவற்றில் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் காரிலிருந்து இது மாறுபட்டது என்று காரணம் காட்டி, முதல் நான்கு கார்கள் உட்படப் பல கார்களை அமைப்பாளர்கள் தகுதிநீக்கம் செய்தனர். பாவ்லி டோய்வோனென் ஓட்டிய சிட்ரோயென் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பின் நேர்மை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. ஒரு குமிழில் எத்தனை இழைகள் இருந்தன என்ற கேள்வியில் ஓர் உலகப் புகழ்பெற்ற போட்டியின் முடிவே மாறியது என்பதில் மட்டும் விவாதமில்லை.

பனிவிளக்கின் கட்டளை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை; அவை எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிப்பதால், மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துச் செல்லும் என்ற பரவலான நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இல்லை. பனியில் உதவுவது விளக்கின் தாழ்ந்த இடமும், மேல்விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்டு அகலமாகப் பரவும் ஒளிக்கற்றையும்தான். ஹை பீம் பனியில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருமாதலால், அது அணைந்திருக்கும்போது பனிவிளக்கு எரிந்தாக வேண்டும். ஆகவே அதன் ரிலே பார்க்கிங் விளக்கின் கம்பியிலிருந்து கட்டளை பெறுகிறது. துணை விளக்கு என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இவ்விரண்டையும் ஒரே சுவிட்சில் இணைப்பது இரண்டின் பயனையும் கெடுப்பதாகும்.

இனி ஃபியூஸ். அது விளக்கைக் காப்பதற்காக வைக்கப்படுவதாகப் பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது காப்பது கம்பியை. 1 சதுர மில்லிமீட்டர் கம்பி 2 மீட்டர் தொலைவில் ஒரு கூரிய தகட்டில் உராய்ந்து, மேலுறை கிழிந்து, காரின் உடலைத் தொட்டுவிட்டால், என்ஜினைச் சுழற்றவே பல நூறு ஆம்பியர் தரவல்ல பேட்டரி அந்தக் கம்பியில் சுமார் 250 ஆம்பியரைச் செலுத்தும். அப்போது செம்பின் வெப்பநிலை நொடிக்கு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வீதம் ஏறும்; பிளாஸ்டிக் மேலுறை எரியவும், அதே கட்டிலுள்ள மற்றக் கம்பிகளுக்குத் தீ பரவவும் ஒரு நொடியே மிகுதி. ஃபியூஸைப் பேட்டரியின் நேர்முனையிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் வைக்க வேண்டும் என்பது இதனால்தான். அதை விளக்கின் அருகில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட கம்பி முழுவதும் காவலின்றிக் கிடக்கும். 9.2 ஆம்பியர் சுமைக்கு 15 ஆம்பியரின் நீல நிற பிளேடு ஃபியூஸ் பொருந்தும். அது அடிக்கடி எரிந்துபோனால் காரணத்தைத் தேடாமல் 30 ஆம்பியரின் பச்சை நிற ஃபியூஸைச் செருகுவது, கம்பியையே ஃபியூஸாக்கிவிடும் ஆபத்தான செயல்.

நேர்முனைக் கம்பிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதிகூட எர்த் இணைப்புக்குக் கிடைப்பதில்லை. காரின் எஃகு உடலே மின்னோட்டம் திரும்பும் பாதை; எஃகு செம்பைவிடப் பல மடங்கு மின்தடை உடையதாயினும், தகட்டின் வெட்டுமுகப் பரப்பு கம்பியைவிட மிகப் பெரியதாகையால் பாதை நல்லதே. குறை இருப்பது அப்பாதையில் ஏறும் இடத்தில். பெயின்ட் மேல் திருகப்பட்ட வாஷரும், துரு ஏறிய போல்ட்டும் 0.1 ஓம் மின்தடையை எளிதில் உண்டாக்கும், 9.2 ஆம்பியரில் அது 0.9 வோல்ட் இழப்பையும், ஒரே புள்ளியில் 8 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தையும் தரும். எர்த் முழுவதுமாக விட்டுப்போனால் இன்னும் விந்தையான குறைகள் தோன்றும்: மின்னோட்டம் வேறொரு விளக்கின் இழை வழியாகத் திரும்ப வழி தேடுவதால், இண்டிகேட்டர் போடும்போது பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் கம்பி முனையின் வளைய லக்கை இறுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசுவது ஐந்து நிமிட வேலை.

இணைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரில் அதிர்வு ஓய்வதில்லை. மழைநீரும் சேறும் பம்பரின் பின்புறத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு இச்சூழலில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிது. உரிய கருவியால் அழுத்திப் பிடித்த லக், அதன் மேல் சூடாக்கினால் சுருங்கும் உறை, இரும்புத் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் ஆகியவை அலங்காரங்கள் அல்ல. கம்பியின் மேலுறையைக் குத்திப் பிடிக்கும் அவசரக் கிளிப்புகளைத் தவிர்க்க வேண்டும். அவை குத்திய துளையின் வழியே ஈரம் நுழைந்து, காருடன் வந்த நல்ல கம்பியையும் அரித்துவிடுகின்றன.

எல்.இ.டி. விளக்குகள் இக்கணக்குகளில் சிலவற்றை மாற்றியுள்ளன. 20 வாட் எல்.இ.டி. விளக்கு 1.7 ஆம்பியர் மட்டுமே எடுப்பதால் கம்பி மெலிதாக இருக்கலாம். அதனுள் அமைந்த மின்னணுச் சுற்று ஒளியைச் சீராக வைத்திருக்க முயல்வதால், மின்னழுத்தம் குறையும்போது விளக்கு மங்குவதற்குப் பதிலாகக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்ளும். ஹாலஜனில் கண்ணுக்குத் தெரிந்துவிடும் மோசமான இணைப்பு இங்கே தெரியாமல் சூடேறிக்கொண்டிருக்கும். மலிவான விளக்குகளின் மின்னணுச் சுற்று எஃப்.எம். ரேடியோவில் இரைச்சலையும் எழுப்பும்.

இன்றைய கார்களின் சிக்கல் வேறு வகையானது. முகப்பு விளக்குகளை இப்போது சுவிட்ச் நேரடியாக இயக்குவதில்லை. கட்டுப்பாட்டுக் கணினி ஒன்று, நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ மின்னோட்டத்தை விட்டு விட்டுச் செலுத்தி ஒளியின் அளவைக் கட்டுப்படுத்துவதுண்டு. அத்தகைய கம்பியில் ரிலேயின் சுருளை இணைத்தால் தொடுமுனைகள் படபடவென அடித்துக்கொண்டு விரைவில் கருகும். விளக்கு கெட்டுப்போனதா என்று மின்னோட்டத்தை அளந்து அறியும் கணினி, புதிதாகச் சேர்ந்த சுமையைக் குறையாக எண்ணி எச்சரிக்கை காட்டவும் கூடும். பேட்டரியின் எதிர்முனையில் உணரி பொருத்தப்பட்டுள்ள கார்களில் துணை விளக்கின் எர்த்தை நேரே அந்த முனையில் மாட்டக் கூடாது. உடலில்தான் மாட்ட வேண்டும். இல்லையேல் அந்த மின்னோட்டம் உணரியின் கணக்கில் சேராமல், பேட்டரியில் எவ்வளவு மின்னூட்டம் எஞ்சியுள்ளது என்பதைக் கணினி தவறாக மதிப்பிடும்.

வேலை முடிந்த பின் அதைச் சோதிக்க ஒரு மல்ட்டிமீட்டர் போதும். விளக்குகள் எரிய, என்ஜின் ஓட, முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையிலும் பிறகு விளக்கின் இரு முனைகளுக்கிடையிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். விளக்கு எரியாதபோது அளப்பதில் பயனில்லை, ஏனெனில் மின்னோட்டம் இல்லாத கம்பியில் இழப்பும் இல்லை. இரண்டின் வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால், மீட்டரின் ஒரு கம்பியைப் பேட்டரியின் நேர்முனையிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை ஃபியூஸ், ரிலேயின் 30, அதன் 87, விளக்கின் நேர்முனை என வரிசையாக நகர்த்திச் செல்லலாம். பிறகு இதே முறையை விளக்கின் எதிர்முனையிலிருந்து உடல் வழியாகப் பேட்டரியின் எதிர்முனை வரை செய்யலாம். எண் எந்த இடத்தில் சட்டெனத் தாவுகிறதோ அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் இறுக்க வேண்டும்.